ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளும் மீசோதெலியோமாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இந்த விளம்பரத்தை டிவியில் பார்த்திருப்பார்கள். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ மீசோதெலியோமா என்று டாக்டர் சொல்லியிருந்தால் எங்களை அழையுங்கள் என்று ஒரு வக்கீல் அலுவலகத்தின் எண் ஓடும். வக்கீல்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைத்து சேனலை மாற்றிவிடுகிறோம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் தூசால் புற்றுநோய் வந்தவர்களின் ஐம்பது வருடத்துக்கும் மேலான ஒரு சட்டப் போராட்டம் இருக்கிறது. அது பெரிதாக வளர்ந்தது அமெரிக்க நீதிமன்றங்களில் என்பதால் இங்கே பெரும்பகுதி அதைப் பற்றித்தான். பிரிட்டன், இந்தியா, இலங்கை நிலவரமும் தேவையான இடத்தில் வரும்.

மீசோதெலியோமா என்பது நுரையீரல் புற்றுநோயா?

இல்லை. நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு, அதற்குப் புளூரா என்று பெயர். அந்த உறையில் வரும் புற்றுநோய்தான் மீசோதெலியோமா. குறைவான பேருக்கு வயிற்று உறுப்புகளை மூடியிருக்கும் உறையிலும் வரும். ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) தூசுதான் இதற்கு முதன்மையான காரணம். சிகரெட்டுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் புற்றுநோயும் வரும். புகைபிடிப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு ஏறும். இரண்டும் தனித்தனி நோய்கள். வழக்கிலும் இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் "இவர் சிகரெட் பிடித்தவர்" என்ற எதிர்வாதம் மீசோதெலியோமாவில் எடுபடாது.

தூசை சுவாசித்து எவ்வளவு காலம் கழித்து நோய் வரும்?

பெரும்பாலும் 20 முதல் 50 வருடம். ஆஸ்பெஸ்டாஸ் என்பது பாறையில் இழையாக இருக்கும் கனிமம். அந்த இழை கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பிரியும், தீயில் எரியாது, உடம்பிலும் கரையாது. உள்ளே போய்த் தங்கிய இழையை அழிக்க உடம்பு வருடக்கணக்கில் முயன்று தோற்கிறது. அந்த இடத்தில் நீங்காத அழற்சி உண்டாகி, செல்களின் மரபணு கெட்டு, கடைசியில் புற்றுநோயாகிறது. கண்டுபிடித்தபின் பலர் ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் இருப்பதில்லை. 2004 முதல் பெமட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2020இல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளின் சேர்க்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயுள் கொஞ்சம் நீள்கிறது, அவ்வளவுதான்.

சட்டச் சிக்கல் எல்லாம் இந்த நீண்ட இடைவெளியில்தான் பிறக்கிறது. நோய் வெளியே தெரியும்போது ஆலை மூடியிருக்கும், ஹாஜர் பதிவேடு செல்லரித்திருக்கும், கூட வேலை பார்த்தவர் காலமாகியிருப்பார். ஆஸ்பெஸ்டாஸ் சட்டத்தில் வந்த பெரிய மாற்றங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சியாகவே இருக்கும்.

ஆலையில் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் வருமா?

அவர்களுக்கு ஆபத்து அதிகம். நீராவிக் குழாய்க்கும் பாய்லருக்கும் வெப்பக்காப்பு சுற்றியவர்கள், கப்பல் கட்டும் தளத்திலும் எஞ்சின் அறையிலும் இருந்தவர்கள், பிரேக் லைனிங் தேய்த்தவர்கள், கட்டட வேலை செய்தவர்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் அதோடு நிற்பதில்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியிலிருந்து வாக்னரும் இரு மருத்துவர்களும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவ்வளவே. இத்தாலியின் கசாலே மொன்ஃபெர்ராட்டோவில் எட்டர்னிட் ஆலை இருந்தது, ஜப்பானின் அமகசாகியில் குபோட்டா ஆலை இருந்தது. இரண்டு ஊரிலும் ஆலைக்குள் காலே வைக்காத அக்கம்பக்கத்தார் இந்த நோயில் இறந்தார்கள்.

வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் வேலை முடிந்து வருவார், சட்டையை உதறித் துவைப்பது மனைவி. அந்த உதறலில் பறந்த தூசே சிலரைக் கொன்றிருக்கிறது. இப்படி வீட்டுக்குத் தூசு போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் நிறுவனத்துக்கு உண்டு என்று 2016இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கெஸ்னர் வழக்கில் தீர்ப்பளித்தது. எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை.

நிறுவனங்களுக்கு ஆபத்து முன்பே தெரியுமா?

தெரியும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலில் கனிமத் துகள்கள் குத்தி நின்றதை மருத்துவர் எழுதி வைத்தார். 1931இலேயே பிரிட்டன் ஆலைத் தூசைக் கட்டுப்படுத்த விதிகள் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் ரேபெஸ்டாஸ் மன்ஹாட்டன் நிறுவனத் தலைவர் சம்னர் சிம்ப்சன், ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்ற பொருளில் 1935இல் ஜான்ஸ் மேன்வில் என்ற இன்னொரு ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத்தின் வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதக் கட்டு 1970களின் பிற்பகுதியில் வழக்குகளின்போது வெளியே வந்தது. அதுவரை "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களால் அதற்குமேல் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜூரிகள் தண்டனைத் தொகையும் சேர்த்து விதிக்கத் தொடங்கினார்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேர் உயிரோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் வழிகாட்டிய வழக்கு எது?

போரெல் எதிர் ஃபைபர்போர்ட், 1973.

கிளாரன்ஸ் போரெல் டெக்சாஸ்காரர். 1936 முதல் 1969 வரை கப்பல் தளங்களிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் குழாய்களுக்கு வெப்பக்காப்பு சுற்றுவதுதான் அவர் தொழில். சாகுமுன் கொடுத்த வாக்குமூலத்தில் அந்த வேலை எப்படி இருந்தது என்று சொல்லியிருக்கிறார். மாலையில் துணியைக் கொஞ்சம் அசைத்தாலே தூசு கிளம்புமாம். மூக்கைச் சிந்தினால் கை நிறையத் தூசு வருமாம். தொண்டைக்குள் இறங்காமலிருக்க மூக்கில் மென்தோலேட்டம் தைலம் தடவிக்கொள்வாராம். தூசு உடம்புக்கு ஆகாது என்று அவருக்கும் தெரியும், ஆனால் நுரையீரலில் பட்டதும் கரைந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். உயிரைக் குடிக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

1969 அக்டோபரில் வார்ட் ஸ்டீபன்சன் என்ற உள்ளூர் வக்கீல் மூலம், ஃபைபர்போர்ட் உட்பட ஆஸ்பெஸ்டாஸ் வெப்பக்காப்புப் பொருள் செய்த 11 தயாரிப்பாளர்கள்மேல் வழக்குப் போட்டார். 1970இல் மீசோதெலியோமாவுக்காக வலது நுரையீரலை எடுத்தார்கள். விசாரணை தொடங்கும் முன்பே இறந்துபோனார். மனைவி வழக்கைத் தொடர்ந்தார். 1973 செப்டம்பரில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைனர் விஸ்டம் தீர்ப்பு எழுதினார். தன் பொருளால் வரும் ஆபத்தை அறியும் விஷயத்தில் தயாரிப்பாளர் ஒரு நிபுணருக்குச் சமம். சோதித்துப் பார்ப்பதும், அதைக் கையாளும் கடைசித் தொழிலாளி வரை எச்சரிப்பதும் அவர் கடமை. எச்சரிக்காமல் விற்றால் அதுவே பொருளில் உள்ள குறைதான். ஸ்டீபன்சன் அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை, அது வருவதற்குச் சில நாள் முன்னால் அவரும் இறந்துவிட்டார். குடும்பத்துக்குக் கிடைத்தது 79,436 டாலர். தொகை சின்னதுதான், ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட கதவு வழியாக 2002க்குள் ஏழு லட்சத்து முப்பதாயிரம் பேர் வழக்கோ கோரிக்கையோ தாக்கல் செய்தார்கள் என்பது ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. 8,400 நிறுவனங்களுக்கு மேல் அதில் இழுக்கப்பட்டன.

வேலை கொடுத்த முதலாளியை விட்டுவிட்டு ஏன் தயாரிப்பாளர்மேல் வழக்கு?

அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு. வேலையில் காயமோ நோயோ வந்தால் யார் தவறு என்று கேட்காமல் ஒரு வரையறுத்த தொகை கிடைக்கும். அதற்கு ஈடாக முதலாளிமேல் தனியாக வழக்குப் போடும் உரிமை போய்விடும். அதனால்தான் பொருளைச் செய்தவர், விற்றவர், சில நேரம் கட்டடச் சொந்தக்காரர் என்று வழக்கு திரும்புகிறது. கடற்படையில் இருந்தவர்கள் அரசுமேல் வழக்குப் போட முடியாது. முன்னாள் படைவீரர் நலத்துறையில் உதவித்தொகை கேட்கலாம், கப்பலுக்குப் பொருள் கொடுத்த நிறுவனங்கள்மேல் வழக்கும் போடலாம்.

பத்து இடத்தில் வேலை பார்த்தவருக்கு, எந்த இடத்துத் தூசால் நோய் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

எந்த இழை நோயை உண்டாக்கியது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதைக் காட்டு என்று கேட்டால் எல்லா நிறுவனமும் தப்பிவிடும். பிரிட்டனில் ஒரு கட்டத்தில் அப்படித்தான் நடந்தது. 2002இல் ஃபேர்சைல்டு வழக்கில், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் திருத்தியது: மீசோதெலியோமா வரும் அபாயத்தைக் குறிப்பிடும்படி கூட்டியவர் என்று நிரூபித்தாலே போதும், அந்த முதலாளி பொறுப்பு. 2006இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அப்படிப் பொறுப்பான ஒருவரிடமிருந்தே முழுத் தொகையையும் வாங்கலாம் என்றது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் அளவுகோல் மாறும். பொதுவாக, குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளை இவர் கையாண்டார் அல்லது பக்கத்திலிருந்து சுவாசித்தார், நோய்க்கு அது கணிசமான காரணம் என்று காட்ட வேண்டும். இங்கேதான் ஞாபகம் சாட்சியாகிறது. மூட்டையில் இருந்த எழுத்து, அட்டைப்பெட்டியின் நிறம், எந்த வருடம் எந்தப் பட்டறையில் என்ற விவரம், அந்த ஷிப்டில் கூட இருந்தவர் பெயர், இவற்றையெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல்கள் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

நோயாளிக்கு அவ்வளவு காலம் இருக்குமா?

அதனால்தான் வாக்குமூலத்தை முதலிலேயே வீடியோவில் பதிவு செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பிழைப்பாரா என்ற சந்தேகத்தை மருத்துவ ஆவணத்தோடு காட்டினால், கலிபோர்னியாவில் 120 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்கும்படி கேட்கலாம். நோயாளி இறந்துவிட்டால் குடும்பம் தொடரலாம்.

காலக்கெடு உண்டா?

உண்டு, இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. தூசு பட்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. நோய் தெரியவந்ததிலிருந்து அல்லது அதனால் வேலை செய்ய முடியாமல் போனதிலிருந்து எண்ணுகிறார்கள். நியூயார்க்கில் 3 வருடம், டெக்சாஸில் 2 வருடம், கலிபோர்னியாவில் 1 வருடம்தான். இறப்பு வழக்குக்குத் தனிக் கெடு. நோய் உறுதியான வாரமே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

நிறுவனம் திவாலாகிவிட்டால் பணம் போச்சா?

முழுக்கப் போய்விடாது. ஜான்ஸ் மேன்வில் 1982 ஆகஸ்டில் திவால் மனு போட்டபோது நாடே அதிர்ந்தது, ஏனென்றால் அது நல்ல வருமானத்தில் ஓடிக்கொண்டிருந்த நிறுவனம். இனிமேல் நோய்வாய்ப்படப் போகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு நிதி அறக்கட்டளை அமைத்து 1988இல் அது திவாலிலிருந்து வெளியே வந்தது. 1994இல் நாடாளுமன்றம் அந்த முறையைத் திவால் சட்டத்திலேயே சேர்த்தது. பல நிறுவனங்கள் அதே வழியில் போயின. 2011இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது இப்படி 60 அறக்கட்டளைகள் இருந்தன. 2010 வரை 1,750 கோடி டாலர் கொடுத்திருந்தன.

இதில் ஒரு வருத்தமான விஷயமும் உண்டு. மேன்வில் அறக்கட்டளையில் மீசோதெலியோமாவுக்கு நிர்ணயித்த மதிப்பு 3,50,000 டாலர். ஆனால் பிற்காலத்தவருக்கும் பணம் மிஞ்ச வேண்டும் என்பதால் அதில் ஐந்து விழுக்காட்டை ஒட்டித்தான் கையில் கிடைக்கிறது. அதனால் ஒருவர் பல அறக்கட்டளைகளில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.

மொத்தத்தில் எவ்வளவு கிடைக்கும்? வக்கீல் கட்டணம்?

யார் ஒரு தொகையை உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். செய்தியில் வரும் கோடிக்கணக்கான டாலர் தீர்ப்புகள் சிலவே, அவையும் மேல்முறையீட்டில் குறையலாம். பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. வக்கீல்கள் ஜெயித்தால் பங்கு என்ற அடிப்படையில் வேலை செய்வார்கள், மூன்றில் ஒரு பங்கு என்பது சகஜம். வழக்குச் செலவை அந்தப் பங்குக்கு முன் கழிப்பார்களா, பின்னால் கழிப்பார்களா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

பேபி பவுடர் வழக்கும் இதுதானா?

ஆமாம், இதன் ஒரு கிளை. பவுடர் செய்யப் பயன்படும் டால்க் கனிமமும் ஆஸ்பெஸ்டாஸும் பூமிக்கடியில் சில இடங்களில் அருகருகே இருக்கும். ஜான்சன் அண்ட் ஜான்சன் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது என்று பல்லாயிரம் பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நிறுவனம் மறுக்கிறது. டால்க் பவுடர் விற்பனையை 2020இல் வட அமெரிக்காவிலும் 2023இல் உலகெங்கும் நிறுத்திக்கொண்டது. வழக்குகளை ஒரு புதிய துணை நிறுவனத்தின் தலையில் கட்டி, அதைத் திவாலாக்கி முடிக்க மூன்று முறை முயன்றது. மூன்றாவது முயற்சியை 2025 மார்ச்சில் ஹூஸ்டன் நீதிமன்றம் நிராகரித்தது.

அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை உண்டா?

1989இல் கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2024 மார்ச்சில்தான், அங்கே கடைசியாகப் புழக்கத்தில் இருந்த வகையான வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குச் சுற்றுச்சூழல் முகமை தடை அறிவித்தது. பிரிட்டன் 1999இலேயே முழுத் தடை போட்டுவிட்டது.

இந்தியாவில்?

தோண்டுவதற்கான அனுமதியை நிறுத்திவிட்டோம், இறக்குமதியை நிறுத்தவில்லை. ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் வந்து சிமென்ட் ஷீட்டாகிக் கூரை ஏறுகிறது. பிரான்ஸின் கிளெமான்சோ போர்க்கப்பல் ஆஸ்பெஸ்டாஸோடு குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்படுவதற்காக வந்துகொண்டிருந்தபோது எழுந்த எதிர்ப்பில், 2006 பிப்ரவரியில் அந்த நாடே அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த ஒரு கப்பலுக்குக் காட்டிய அக்கறை நம் ஊர் ஷீட் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பரிசோதித்து நோயுண்டு என்றால் ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும். அந்த 40 வருட உத்தரவு எவ்வளவு தொலைநோக்கானது என்று இப்போது உங்களுக்குப் புரியும். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா சட்டப்படி இழப்பீடு கேட்கக்கூடிய தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு. ஆனால் முழுத் தடை கேட்ட மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நோயையே சரியாகக் கண்டறியாமல், கண்டறிந்தாலும் என்ன வேலை பார்த்தார் என்று எழுதாமல் விடுகிறோம். அப்புறம் எங்கிருந்து வழக்கு வரும்?

இலங்கையில் தடை வந்ததே?

படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி, ஆஸ்பெஸ்டாஸ் விற்கும் நாடான ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. உடனே இலங்கை தன் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது.

இந்தியாவில் வேலை பார்த்தவர் வெளிநாட்டில் வழக்குப் போட முடியுமா?

கடினம், ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் நாட்டிலேயே போடுங்கள் என்று அந்த நாட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம். கேப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களால் பாதிக்கப்பட்டவர்கள் லண்டனில் வழக்குப் போட்டபோதும் நிறுவனம் அதைத்தான் வாதாடியது. 2000இல் பிரபுக்கள் சபை அதை ஏற்காமல் லண்டனிலேயே நடத்தலாம் என்றது. சுமார் 7,500 பேருக்காக 2003இல் சமரசம் ஆனது.

அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, டிபி என்கிறார்கள். கேட்க வேண்டியது என்ன?

நம் ஊரில் நுரையீரல் உறையில் நீர் என்றால் டிபி சந்தேகம் முதலில் வருவது நியாயம்தான். ஆனால் மருந்து சாப்பிட்டும் நீர் மறுபடி மறுபடி கோத்தால், அவர் பார்த்த வேலையை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். உறையிலிருந்து சதை எடுத்து பயாப்சி செய்து, இம்யூனோ சாயச் சோதனையும் பார்த்தால்தான் மீசோதெலியோமாவை உறுதி செய்ய முடியும். பயாப்சி முடிந்ததும் அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் பத்திரப்படுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வழக்கென்று போனால் எதிர்த்தரப்பு நிபுணர் அதைத்தான் முதலில் கேட்பார்.

எங்கள் வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பயப்பட வேண்டுமா?

உடையாமல் இருக்கும் ஷீட்டில் இழை சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கும், அதன் கீழே இருப்பதால் வரும் ஆபத்து குறைவு. அறுப்பதும் துளைப்பதும் தேய்ப்பதும்தான் ஆபத்து. பெயின்ட் அடிக்கும் முன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவார்கள், அதைச் செய்ய விடாதீர்கள். கட்டிங் மெஷின் வைக்க விடாதீர்கள். ஷீட்டைக் கழற்றினால் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டை எடுத்து முழுசாக இறக்குங்கள். உடைந்த துண்டைத் தெருவில் மண்ணுக்குப் பதிலாகக் கொட்டிப் பரப்புவதும் தவறு.

பெற்றோர் இந்த மாதிரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இப்போது நலமாகத்தான் இருக்கிறார்கள். நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது?

ஒரு மாலை உட்கார்ந்து வேலை வரலாற்றை எழுதி வாங்குங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த ஆலை, எந்தப் பிரிவு, என்ன வேலை, ஒப்பந்தக்காரர் யார், மூட்டையிலும் பெட்டியிலும் என்ன பெயர் இருந்தது, முகத்தில் என்ன கட்டிக்கொண்டார்கள், உடுப்பை யார் துவைத்தார்கள். கூட வேலை பார்த்தவர்களின் பெயரையும் இப்போதைய ஊரையும் சேருங்கள். பழைய அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, பட்டறையில் எடுத்த குரூப் போட்டோ எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் வையுங்கள். இல்லையென்றால் ஆலையிடம் எழுத்தில் கேளுங்கள், மேலே சொன்ன 1995 தீர்ப்பைக் குறிப்பிட்டே கேட்கலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டையும் அந்தக் கவரிலேயே வைத்துவிடுங்கள்.